கையெழுத்துக்கு முன்னால் ஒரு வாக்கியம்

சித்தியின் வாயில் இதுவரை யாரும் செத்ததில்லை. வேண்டியவர்களாக இருந்தால் "நல்லபடியா போய்ச் சேர்ந்தாங்க" என்பாள். அவ்வளவாகப் பழக்கமில்லாதவர்கள் "கிளம்பிட்டாங்க". மூன்றாம் மாடியில் வளர்த்த கிளி ஒரு காலையில் கூண்டின் அடியில் கிடந்தபோது, அது "ஓய்வெடுத்துக்கிச்சு". டப்பாவில் சர்க்கரை தீர்ந்துபோனால் "சர்க்கரை நிறைஞ்சிருக்கு" என்றுதான் சொல்வாள். கல்யாணமான புதிதில் சித்தப்பா அதை அப்படியே நம்பி, கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்து, இனிப்பில்லாத டீயை ஒரு வாரம் குடித்தாராம். அது அவர் சொல்லும் கணக்கு. ஒரு நாள்தான் என்பாள் சித்தி.

பயந்த சுபாவம் என்று நினைத்துவிட வேண்டாம். ஹோட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை செய்தவள் அவள். இஸ்திரி இயந்திரத்தின் கொதிக்கிற உருளைகளுக்கு நடுவே ஈரப் படுக்கை விரிப்பின் ஓரத்தைச் சுருக்கமில்லாமல் நுழைத்துவிட்டு, விரல் உள்ளே போவதற்குள் கையை எடுக்க வேண்டும். முன்கையில் பழைய சூட்டுக் கோடுகள் இருந்தன. பஸ்ஸில் ஒருவன் கண்டக்டரிடம் கெட்ட வார்த்தை பேசியபோது, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு, கடைசி நிறுத்தம் வரை அவனுக்குப் புத்தி சொன்னவள். சில சொற்களை மட்டும் அவள் நாக்குத் தொடாது. சொன்னால் நடந்துவிடும் என்பது அவள் எண்ணம். சொல்லாவிட்டால் நடக்காது என்று அவளும் நம்பவில்லை. "நாமளே ஏன் கூப்பிடணும்?" என்பாள்.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். அவர் வீட்டுக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வீடு நான்காம் மாடி. "ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டறீங்க, உங்களுக்கு ஒண்ணு போட்டுக்கக் கூடாதா?" என்று கீழ்வீட்டுக்காரர் கேட்காத மாதம் இல்லை. வருஷக்கணக்காக லிஃப்டுக்கு அடியிலிருக்கும் குழிக்குள் மண்டியிட்டு வேலை செய்து சித்தப்பாவின் முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, சுவரில் இருக்கும் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து ஏதோ சரிபார்ப்பதுபோல் மூச்சு வாங்குவார். அந்தக் கட்டடத்தின் ஃப்யூஸ் பெட்டிகள் அளவுக்கு வேறெந்தக் கட்டடத்திலும் யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள்.

அவர் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் மேலே மெஷின் ரூமில் இருப்பார், இன்னொருவர் கீழே குழியில். மேலே இருப்பவர் "பவர் ஆஃப்" என்று கூப்பிட்டால் கீழே இருப்பவர் "பவர் ஆஃப்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். திரும்பி வராத வரை யாரும் கையை அசைக்கக் கூடாது. சரி, புரிஞ்சுது, ம் என்பதெல்லாம் கணக்கில் சேராது. அதே வார்த்தை வர வேண்டும். இந்தப் பழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். வெளியே கிளம்பும்போது வாசலில் நின்று "கேஸ் ஆஃப்" என்பார். உள்ளேயிருந்து சித்தி "கேஸ் ஆஃப்" என்று சொன்னால்தான் செருப்பில் கால் நுழையும். "ஆமாங்க, ஆஃப் பண்ணிட்டேன்" என்று நீட்டிச் சொன்னால் திரும்பவும் கூப்பிடுவார்.

அவர் ஓய்வு பெறும் மாதம் வந்தது. பென்ஷன் விதிகள் அடங்கிய கனமான புத்தகம் ஒன்றைக் கம்பெனி அனுப்பியது. ஆங்கிலத்தில் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். சித்தப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு உட்கார்வதுபோல் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார். கேட்க வேண்டியதையெல்லாம் மெக்கானிக்குகள் கூடும் டெப்போவில் பேசித் தயாராகவே இருந்தார்.

"மொத்தமா எடுத்துக்கலாமா?"

கொஞ்சம் எடுக்கலாம், மீதி மாதாமாதம்தான் என்று வாசித்துச் சொன்னேன்.

"எடுக்காத லீவுக்குக் காசு உண்டா?"

ஒரு வரம்பு வரைக்கும் உண்டு.

"ரிட்டயர் ஆனப்புறம் வேற எடத்துல வேலை பாத்தா பென்ஷனை நிறுத்திடுவாங்களா?"

இதே கம்பெனிக்குத் திரும்பி வந்தால்தான் நிறுத்துவார்கள்.

"பல்லு வைத்தியத்துக்கு உண்டா?"

பல்லுக்கு இல்லை. சித்தப்பா ஏமாந்துபோனார். டெப்போவில் எல்லோரும் கடைசியாக நம்பியிருந்தது பல்லைத்தான்.

பிறகு முக்கியமான பக்கம் வந்தது. பென்ஷனை இரண்டு விதமாக வாங்கலாம். முழு பென்ஷன் என்றால் சித்தப்பா உயிரோடு இருக்கும்வரை முழுத் தொகை வரும், அவரோடு நின்றுவிடும். கூட்டு பென்ஷன் என்றால் மாதாமாதம் கொஞ்சம் குறைவாக வரும். அவருக்குப் பிறகு அதில் பாதி, சித்தியின் ஆயுள் வரை சித்திக்கு வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து முதல் மாதப் பணம் வந்துவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. முழு பென்ஷன் வேண்டுமென்றால் மனைவி நேரில் வந்து, சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் தானாகவே கூட்டு பென்ஷன்தான்.

நான் "அவருக்குப் பிறகு" என்று வாசித்ததும் சித்தி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. துலக்க வேண்டிய பாத்திரம் எதுவும் அங்கே இல்லை.

சித்தப்பா ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். முழுசு. டெப்போவில் ஓய்வு பெற்ற எல்லோருமே முழுசுதான், ஒரே ஒருவரைத் தவிர. அவர் சித்தப்பாவோடு வருஷக்கணக்காகச் சேர்ந்து வேலை செய்தவர், எல்லோரும் அவரை ஸ்பேனர் என்றே கூப்பிடுவார்கள். ஸ்பேனர் கூட்டு பென்ஷன் எடுத்தார். எடுத்த சில மாதங்களிலேயே அவர் மனைவி இறந்துவிட்டார். பிடித்தம் மட்டும் நிற்கவில்லை. "இல்லாதவளுக்கும் சேத்து வெட்டறான்பா. ஒரு ஆளு பிரயாணத்துக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தவன் நான்" என்று டெப்போவுக்கு டீ குடிக்க வரும்போதெல்லாம் சொல்வார். அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே மற்றவர்கள் எல்லோரும் முழுசுக்குப் போனார்கள்.

சித்தப்பாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டு தெரு தள்ளி லிஃப்ட் உள்ள கட்டடம் ஒன்று. அந்த லிஃப்டைப் பராமரித்ததே அவர்தான். அங்கே ஒரு வீடு காலியாகப் போகிறது என்று காவலாளி சொல்லியிருந்தார். முழு பென்ஷன் வந்தால் அந்த வாடகை கட்டுப்படியாகும். கூட்டு பென்ஷனில் ஆகாது.

"நல்ல லிஃப்ட்," என்றார் சித்தப்பா. "கதவு மூடறது காதுலயே விழாது."

"அந்த வீட்டையே எடுங்க," என்று சித்தி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "உங்க முட்டி தாங்காது. கையெழுத்து எங்க போடணும்னு மட்டும் காட்டச் சொல்லுங்க, போட்டுடறேன்."

"என்னன்னு முழுசா கேட்டுக்கோங்க சித்தி," என்றேன்.

"எல்லாம் கேட்டுச்சு கண்ணு. எனக்கு எதுக்கு அது? அவர் நூறு வயசு இருப்பார்."

சித்திக்கென்று தனியாக ஒரு பென்ஷனும் கிடையாது. ஹோட்டலில் அவளை எப்போதும் பகுதிநேர ஆளாகவே வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்துவிட்டால், அடுத்த வாரம் மேற்பார்வையாளர் மத்தியானமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். "தங்கமான மனுஷன்," என்பாள். "எனக்கு உடம்பு அசந்துடும்னு அவருக்கே தெரியும்."

புதன்கிழமை மூவரும் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் போனோம். சித்தி விசேஷத்துக்குக் கட்டும் நீலப் புடவையைக் கட்டியிருந்தாள். கைப்பையில் சொந்தப் பேனா. லிஃப்டில் ஏறியதும் சித்தப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ரோலர் தேஞ்சிருக்கு. யார் பாக்கறாங்களோ," என்றார். ஆறாவது மாடியில் பென்ஷன் பிரிவு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, மேஜை, நான்கு நாற்காலிகள், ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி. அதிகாரி என்னைவிடச் சில வயது மூத்த பெண். ஜலதோஷம் பிடித்திருந்ததால் குரல் கட்டியிருந்தது. எங்களைப்போலவே தமிழ் பேசியதில் சித்திக்கு மகிழ்ச்சி.

சித்தி உட்காரும்போதே பேனாவை எடுத்துவிட்டாள்.

"கொஞ்சம் இருங்கம்மா," என்றார் அதிகாரி. "முதல்ல நான் விளக்கிச் சொல்லணும். அப்புறம் நீங்க எதை விட்டுக்குடுக்கறீங்கன்னு உங்க வாயால எனக்குச் சொல்லணும். அதுக்கப்புறந்தான் கையெழுத்து."

"எனக்குத் தெரியும்மா. எங்க வீட்டுப் பொண்ணு எல்லாம் வாசிச்சுச் சொல்லிடுச்சு."

"சரி. என்ன சொல்லுச்சு?"

சித்தி என்னைப் பார்த்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள். பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள்.

"முழுசா வாங்கினா, அவருக்கு முழுசா வரும்."

"ஆமா. உங்களுக்கு?"

"எனக்கும் அதான். ரெண்டு பேரும் ஒரே வீடுதானே?"

"இப்ப சரி. எப்ப வராது?"

"அவர் இல்லாதப்போ வராது."

"இல்லாதப்போன்னா?"

"இல்லாதப்போன்னா," என்று சித்தி யோசித்தாள். "வெளியூர் கிளியூர் போயிருந்தா."

சித்தப்பா இருமினார். அதிகாரி சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த காகிதத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முழு விவரத்தையும் தானே ஒரு முறை, பிசிறில்லாமல், சாவு என்ற வார்த்தையைத் தவிர்க்காமல் சொன்னார். அவர் அந்த வார்த்தையைச் சொன்ன ஒவ்வொரு முறையும் சித்தி ஜன்னலைப் பார்த்தாள்.

"இப்ப நீங்க சொல்லுங்கம்மா."

"அவருக்கு அப்புறம் எனக்கு வராது."

"அப்புறம்னா எப்ப?"

"அப்புறம்னா அப்புறந்தான். அதுக்கு இப்ப என்ன அவசரம்?"

"அம்மா..."

"சரி, நூறு வயசுக்கு அப்புறம்னு வெச்சுக்கோங்க. நூத்தியோராவது வயசுலேர்ந்து எனக்கு வராது. பரவாயில்ல, நான் சமாளிச்சுக்கறேன்."

"எனக்கு நூறு போதும்னு யார் சொன்னா?" என்றார் சித்தப்பா.

"நீங்க சும்மா இருங்க."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு எனக்குப் புரியுதும்மா. எங்க வீட்லயும் இப்படித்தான் பேசுவாங்க. ஆனா ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அம்மா இதே நாற்காலியில உக்காந்து, 'அவருக்கு அப்புறம்'னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. நானும் வாங்கிட்டேன். பின்னாடி தனியா வந்தாங்க. 'அப்புறம்'னா பென்ஷன் அவரோட பேர்லேர்ந்து தன் பேருக்கு மாறக் கொஞ்ச நாள் ஆகும்போலன்னு நெனச்சிருக்காங்க. வரவே வராதுன்னு அவங்களுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. அதிலேர்ந்து நான் யார்கிட்டயும் அப்படி வாங்கறதில்ல."

"அவளுக்குத் தெரியும்மா," என்றார் சித்தப்பா. "வேணும்னா நான் சொல்லிடறேன். நான் செத்தா அவளுக்கு..."

"நீங்க சொன்னா செல்லாது சார்."

சித்தி பேனாவை மேஜைமேல் வைத்தாள். முகம் சிவந்திருந்தது. "இதைச் சொல்லலைன்னா போட விட மாட்டீங்களா?"

"மாட்டேன். போடலைன்னா கூட்டு பென்ஷன்தான். அதுல தப்பு ஒண்ணும் இல்ல."

"அப்புறம் அந்த வீடு?" என்று சித்தி சித்தப்பாவிடம் கேட்டாள். அறைக்கு வெளியே யாரோ நகலெடுக்கும் இயந்திரத்தின் தட்டை இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி எழுந்து போனார்.

சித்தப்பா தன் நாற்காலியைத் திருப்பிச் சித்தியைப் பார்க்கும்படி போட்டுக்கொண்டார். முட்டி இடித்ததில் முகம் சுளித்தார்.

"கேஸ் மாதிரிதான். நான் கூப்பிடறேன், நீ திருப்பிச் சொல்லு," என்றார்.

"வேணாங்க."

"சொல்லிட்டா எதுவும் ஆயிடாது. இத்தனை வருஷத்துல நான் 'பவர் ஆஃப்'னு கூப்பிட்டதுல ஊர்ல கரென்ட் போயிடுச்சா?"

"அது வேற, இது வேற."

அதிகாரி மூன்று தம்ளர்களோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். சித்தப்பா அவரைப் பார்க்கவில்லை. வாசலில் நின்று கூப்பிடும் அதே குரலில், உரக்கவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல், "நான் உனக்கு முன்னாடி செத்துட்டா," என்றார்.

அவர் காத்திருந்தார். திரும்பி வராமல் அடுத்த வார்த்தைக்குப் போகத் தெரியாதவர் அவர். நான் தண்ணீரைக் குடிக்கலாமா வேண்டாமா என்று தம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் சித்தி, "எங்கேயாவது பாத்துக்கிட்டுச் சொல்லுங்களேன், மூஞ்சியைப் பாத்துக்கிட்டே சொல்றீங்க," என்றாள். அவர் முகத்தைத் திருப்பவில்லை.

"நீங்க எனக்கு முன்னாடி," என்றாள் சித்தி. நிறுத்தினாள். புடவைத் தலைப்பை மடியில் நான்காக மடித்தாள், சலவைக்கூடத்தில் மடிப்பதுபோல ஓரத்தோடு ஓரம் சேர்த்து. "செத்துட்டா."

"அடுத்த மாசத்துலேர்ந்து பென்ஷன் வராது."

"அடுத்த மாசத்துலேர்ந்து பென்ஷன் வராது."

"உனக்கு எதுவும் கிடையாது."

இதைச் சித்தி திருப்பிச் சொல்லவில்லை. மடித்த தலைப்பு கையிலிருந்து அவிழ்ந்தது.

"எதுவும்னா?" என்று கேட்டாள்.

"எதுவும்னா எதுவும்தான். நீ திருப்பிச் சொல்லு."

"இருங்க," என்று சித்தி அவரை விட்டு அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "எதுவும்னா, மெடிக்கல் கார்டுமா?"

சித்திக்கு இரத்த அழுத்த மாத்திரை, தைராய்டு மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து எல்லாமே சித்தப்பாவின் கம்பெனி கார்டில்தான் வந்துகொண்டிருந்தன. அவர் வேலையில் இருந்தவரை அதைப்பற்றி யாரும் யோசித்ததில்லை. சித்தப்பா என்னிடம் பல்லைப் பற்றிக் கேட்டார், இதைக் கேட்கவில்லை.

"கூட்டு பென்ஷன் எடுத்தா, சாருக்கு அப்புறமும் உங்களுக்குக் கார்டு இருக்கும்மா," என்றார் அதிகாரி. "முழு பென்ஷன் எடுத்தா அவர் செத்த மாசத்தோட கார்டும் நின்னுடும். பென்ஷன் வாங்கறவங்க பேர்லதான் கார்டு. நீங்க எதுவும் வாங்கலைன்னா உங்களுக்குக் கார்டு கிடையாது."

"புதுசா காசு கட்டி வாங்கிக்கலாமா?"

"கம்பெனி வழியா முடியாது. வெளில தனியா எடுத்துக்கலாம். உங்க வயசுக்கு, ஏற்கெனவே இருக்கற நோய்க்கு, ரொம்ப அதிகமா கேப்பாங்க. உங்களுக்கு வேலை செஞ்ச எடத்துல ஏதாவது பென்ஷன், கார்டு?"

"இல்லம்மா. நான் பகுதிநேரம். மேற்பார்வையாளர் நல்ல மனுஷன், கூடுதலா ஒரு மணி நேரம் ஆச்சுன்னாக்கூட அடுத்த வாரம் சீக்கிரமா அனுப்பிடுவார்."

அதிகாரி காகிதத்தை நேராக்கினார். "வாரத்துக்கு இத்தனை மணி நேரம்னு ஒரு கணக்கு உண்டு, அதைத் தாண்டினா உங்களைப் பென்ஷன் திட்டத்துல சேத்தாகணும்மா. அதான் அனுப்பியிருப்பாங்க," என்றார்.

சித்தி அதைக் கேட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் வரவில்லை. "அப்படியா," என்றாள். பிறகு பேனாவின் மூடியைப் போட்டு, அது சரியாக உட்கார்ந்ததா என்று அழுத்திப் பார்த்து, கைப்பைக்குள் வைத்தாள்.

"நான் போடல," என்றாள்.

"என்ன?" என்றார் சித்தப்பா.

"கையெழுத்து. நான் போடல."

"அப்ப வீடு? இவ்வளவு நேரம் நீதானே போடறேன் போடறேன்னு குதிச்சே. என் முட்டியைப்பத்தி யோசிச்சுப் பாத்தியா?"

"உங்க முட்டிக்காக என் மாத்திரையை விட முடியாதுங்க. லிஃப்ட் இருக்கற வீடுதான் வேணும்னு யார் சொன்னா? கீழ் வீடா பாத்தா லிஃப்டே வேணாம்."

வாழ்நாள் முழுக்க லிஃப்டைப் பழுது பார்த்த மனுஷனுக்குத் தரைத்தளம் என்ற ஒன்று தோன்றவே இல்லை. ஆனால் உடனே விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. அதிகாரியைப் பார்த்து, "ஸ்பேனர் கதை உங்களுக்குத் தெரியாது," என்று ஆரம்பித்தார்.

"தெரியும் சார். மாசம் ஒரு தடவை இங்க வந்து சண்டை போடுவார்."

"சண்டை போட மாட்டானா? பொண்டாட்டி போயிட்டா, வெட்டறதை நிறுத்த வேணாமா? இவளுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா நானும் அவனை மாதிரி ரெண்டு டிக்கெட் எடுத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"அதுக்கும் ஒரு வழி இருக்கு சார். ஆரம்பத்துலேர்ந்தே இன்னும் கொஞ்சம் குறைச்சு வாங்கிக்கறதா இருந்தா, மனைவி முதல்ல செத்துட்டா அடுத்த மாசத்துலேர்ந்து உங்களுக்கு முழுத் தொகைக்கு ஏத்திடுவோம். கூட்டு பென்ஷன்லயே அது ஒரு வகை."

சித்தப்பா வாயைத் திறந்தபடி இருந்தார். "டெப்போல யாரும் சொல்லலையே."

"யாரும் கேக்கல சார். ஸ்பேனர் சாரும் கேக்கல. பொண்டாட்டி முதல்ல செத்தா என்ன ஆகும்னு பக்கத்துல அவங்களை வெச்சுக்கிட்டு எந்த ஆம்பளையும் கேக்கறதில்ல. 'அப்புறம் பாத்துக்கலாம்'னு சொல்லுவாங்க."

சித்தி இதை ரசித்தாள் என்றே நினைக்கிறேன். நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அதையே போடுங்கம்மா. நான் முதல்ல..." என்று தொடங்கி, கொஞ்சம் தயங்கி, தானே முடித்தாள். "நான் முதல்ல செத்தா அவருக்குக் குறையக் கூடாது. அப்போ எவ்வளவு குறையும் மாசத்துக்கு? நீங்க சொல்லுங்க, இந்தப் பொண்ணு எழுதிக்கட்டும்."

அதற்குப் பிறகு அந்த அறையில் பேசியது பெரும்பாலும் சித்திதான். அவர் செத்தால் எத்தனை நாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்? யாரிடம்? அந்த மாதத்துப் பணம் ஏற்கெனவே வங்கிக்கு வந்துவிட்டிருந்தால் திருப்பிக் கேட்பார்களா? விலைவாசி ஏறினால் அவர் உயிரோடு இருக்கும்போது ஏறுவதுபோல் இவளுக்கும் ஏறுமா? கார்டுக்கு இவள் பெயரில் தனியாகப் புகைப்படம் வேண்டுமா? அதிகாரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஜலதோஷத்தை மறந்துவிட்டிருந்தார். முதல் இரண்டு மூன்று முறை அந்த வார்த்தை வரும் இடத்தில் சித்தியின் குரல் கொஞ்சம் தணிந்தது. அப்புறம் அதுவும் இல்லை. சித்தப்பா மட்டும் ஒவ்வொரு தடவையும் நாற்காலியில் நெளிந்தார்.

"நான் இங்கதான் உக்காந்திருக்கேன்," என்றார் ஒரு தடவை.

"தெரியுது. இருக்கும்போதே கேட்டாத்தானே நீங்களும் தெரிஞ்சுக்க முடியும்?"

கடைசியில் கையெழுத்துப் போட்டது சித்தப்பா. சித்தி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, எந்தக் கட்டத்தில் குறி போடுகிறார் என்று பார்த்துக்கொண்டாள். சரியான கட்டம்தானா என்று என்னிடமும் கேட்டாள். கிளம்பும்போது அதிகாரியின் கையைப் பிடித்து, வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொன்னாள்.

சித்தப்பா இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்தார். டெப்போவில் எல்லோரும் என்ன ஆயிற்று என்று கேட்டார்களாம். "அவ போடலப்பா," என்று சொன்னாராம். ஸ்பேனரிடம் அந்த இன்னொரு வகையைப் பற்றிச் சொன்னபோது, அவர் டீயைக் கீழே வைத்துவிட்டாராம். "அன்னிக்கு நான் கையெழுத்துப் போடறப்போ அவளும் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா," என்று மட்டும் சொன்னாராம். வீட்டுக்கு வந்து இதைச் சித்தியிடம் சொன்ன பிறகுதான் சித்தப்பா பழையபடி பேசத் தொடங்கினார். லிஃப்ட் இருந்த கட்டடத்து வீட்டுக்கு வேறு யாரோ முன்பணம் கொடுத்துவிட்டார்கள். அதையும் அவரேதான் வந்து சொன்னார், பெரிய வருத்தம் இல்லாமல்.

அடுத்த சனிக்கிழமை கீழ் வீடு தேடிக் கிளம்பினோம். முதல் வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர் கைக்கெட்டியது. இரண்டாவது வீட்டில் குளியலறைக்கு இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது. சித்தப்பா அந்தப் படிகளைப் பார்த்ததும் திரும்பிவிட்டார். மூன்றாவது, அச்சகத்துக்குப் பின்னால் இருந்த சின்ன வீடு. பகலில் இயந்திரச் சத்தம் கேட்கும், சாயங்காலம் நின்றுவிடும் என்றார் வீட்டுக்காரர். ஐம்பது வயதிருக்கும், மரியாதையான மனுஷர். வாசலிலிருந்து சமையலறை வரை ஒரே மட்டம். சித்தப்பா இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்த்தார். திரும்பவும் நடந்தார். முகத்தில் ஒரு திருப்தி வந்தது.

சித்தி சமையல் மேடையைத் தடவிப் பார்த்தாள். தண்ணீர் எந்த நேரம் வரும் என்று கேட்டாள். அலமாரிக் கதவைத் திறந்து மோந்து பார்த்தாள். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"வாடகை ஒப்பந்தம் யார் பேர்ல போடுவீங்க?"

"ஐயா பேர்லதாம்மா. எப்பவும் அப்படித்தானே?"

"சரி. இவர் முதல்ல செத்துட்டா அது என் பேருக்கு மாறுமா, இல்ல நான் காலி பண்ணணுமா?"

வீட்டுக்காரர் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா குனிந்து குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீரின் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதில் சொல்லுங்க சார்," என்றார், நிமிராமலே. "காலையிலேர்ந்து இது மூணாவது வீடு. எனக்குப் பழகிடுச்சு."

"மாத்திக்கலாம்மா," என்றார் வீட்டுக்காரர். "அதுக்கென்ன, அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா எப்ப?" என்று கேட்டாள் சித்தி.